உள்ளே நோக்கிய காலடி

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சீட்டும், வெளியூரில் வேலை பார்த்த வீட்டுக்காரருக்கு நாலைந்து கடுதாசியும்தான். மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்பது மத்தியானம் தெரியவில்லை. ஆகையால் முன்னே பின்னே இருக்கும்.

எழுதக் காரணம் என் மருமகள். பேத்திக்குப் பதினைந்து நடக்கிறது. கூடப் படிக்கிற பிள்ளைகளோடு மூன்று நாள் வெளியூர் போக வேண்டும் என்கிறாள். தாய் விடமாட்டேன் என்கிறாள். ஒரு வாரமாக இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. "உப்பை இங்கே தரச் சொல்லுங்க" என்பதைக்கூட என் வழியாகத்தான் சொல்லுகிறார்கள். நேற்று மருமகள் என்னிடம், "நீங்களே சொல்லுங்க அத்தை, ஒரு பிள்ளையை எவ்வளவு தூரம் விடலாம்?" என்று கேட்டாள். எனக்கு வாய் வரவில்லை. ஆள் முன்னால் எனக்கு என்றைக்குமே வாய் வந்ததில்லை. "எழுதித் தாறேன்" என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கித் தந்தாள்.

எவ்வளவு தூரம் விடலாம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரு மாமியை. அவளைப் பற்றித்தான் எழுத முடியும். பெயர் வேண்டாம். போய்ச் சேர்ந்தவள்.

எங்கள் ஊர் தக்கலையிலிருந்து நடக்கிற தூரம். மாமி எங்களுக்கு அடுத்த வீடு. நடுவில் ஓலை வேலி. அவள் புருஷன் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். நெல் அவித்து, குத்தி, அரிசியைச் சந்தைக்குக் கொண்டுபோவாள். ஒரே மகள் பகவதி. எனக்கும் பகவதிக்கும் ஒரே வயது, ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தோம்.

மாமி என்றால் எனக்கு முதலில் ஓர்மைக்கு வருவது முகம் இல்லை, அவளுடைய முற்றம். எல்லா வீட்டு முற்றத்திலும் மணல் உண்டு, எல்லாரும் காலையில் விளக்குமாறால் தூத்துவார்கள். மாமி தூத்துவது வேறு மாதிரி. வெளியே எங்கே போனாலும், போகும்போது வாசற்படியிலிருந்து தொடங்கி, பின்னால் பின்னால் நகர்ந்து, தன் காலடியையும் தானே அழித்துக்கொண்டு தெருவுக்கு இறங்கும் வெளிநடை வரைக்கும் ஈர்க்குமாறால் தூத்திக்கொண்டே போவாள். கடைசியில் வெளிநடைக் கல்லில் ஏறி நின்று ஒருமுறை பார்ப்பாள். முற்றம் அப்போதுதான் விரித்த பாய் மாதிரி கிடக்கும். திரும்பி வரும்போது அதே கல்லில் நின்று, உள்ளே கால் வைக்கும் முன் அந்த மணலை வாசிப்பாள். நாங்கள் புத்தகம் வாசித்ததைவிட வேகமாக வாசிப்பாள்.

"ஏட்டி பகவதி, மோருக்காரி வந்தாளா?"

"வந்தா."

"வந்தவ தலையில பானைக் கனத்தோட திரும்பியிருக்கா, தடம் ஆழமா கெடக்கு. நீ மோரு வாங்கல்ல. ஏன்?"

பகவதி உள்ளே இருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவாள்.

ஊரில் எல்லாருக்கும் அந்த முற்றம் பயம். அஞ்சல்காரர் கடுதாசியை உள்ளே கொண்டுவர மாட்டார். வெளிநடைக் கல்லிலேயே வைத்து மேலே ஒரு சரல்கல்லைப் பாரமாக வைத்துவிட்டு, "உங்க முற்றத்துல காலு வைக்க எனக்குப் பேடியாக்கும். நான் காலத்த என்ன தின்னேன்னும் கண்டுபிடிச்சுப் போடுவிய" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவார். மாமி சிரிக்கமாட்டாள். "வலது காலை இழுக்குதீரு. முள்ளு ஏறியிருக்கு. பாரும்" என்பாள். மறுநாள் அவர் காலில் துணி சுற்றி வருவார்.

நாடு சுதந்திரம் அடைந்தபோது எங்களுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள், கொடி கொடுத்தார்கள். பகவதி காகிதக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "நமக்கு சுதந்திரம் கிட்டியாச்சும்மா" என்றாள். மாமி முறத்திலிருந்து தலையை எடுக்காமல், "அது கொடிக்கு. உனக்கு இல்ல. போயி கால் கழுவு" என்றாள். கேட்டுக்கொண்டிருந்த என் அம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஏனோ அன்றைக்கே சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுச் சங்கதி வேறு. நாங்கள் ஏழு பிள்ளைகள். யார் எங்கே போனார்கள் என்று எண்ணிப் பார்க்க என் அம்மைக்கு நேரம் கிடையாது. என்னை யாரும் 'போ' என்று விட்டதில்லை, 'போகாதே' என்று பிடித்ததும் இல்லை. பகவதி என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். நான் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். அவள் வந்த வழியையும் போன வழியையும் பார்க்க ஒரு ஆள் இருந்ததே.

அஞ்சாம் வகுப்பு முடிந்தபோது வாத்தியார் வெளிநடை வரை வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லுக்கு வெளியே நின்றே பேசினார். "நல்லா படிக்குத பிள்ளையாக்கும். தக்கலைக்கு அனுப்புங்க. அங்க வேற பெண்பிள்ளைகளும் படிக்கத்தான் செய்யுது."

"படிச்சது போரும் சாரே."

"நெய்யூர் ஆஸ்பத்திரியில வெள்ளை உடுப்புப் போட்டுகிட்டு நம்ம ஊரு குட்டிகளே நர்சா நிக்குதுவ. இவளுக்கு அதுக்கு வேண்டிய மூளை உண்டு."

"மூளைய வச்சுகிட்டு வீட்டுலயும் இருக்கலாம்" என்றாள் மாமி. அவர் போன பிறகு, அவர் நின்ற இடத்தையும் தூத்தினாள்.

பகவதி பெரியவளானதும் அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியது இரண்டு அறையும் அடுக்களையும் கிணற்றடியும். அவளுக்கு இருந்த ஆசை சின்னது. பஸ்ஸில் ஏற வேண்டும். பெரிய ரோட்டில் திருவனந்தபுரம் போகும் வண்டிகளின் ஹாரன் எங்கள் ஊர் வரை கேட்கும். அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டே, "இது முதல் வண்டி", "இது ரெண்டாம் வண்டி, அதுக்குத் தொண்டை கட்டியிருக்கும்" என்பாள். ஒரு வண்டியையும் அவள் கண்ணால் கண்டு வருஷக்கணக்காகிவிட்டது.

நான் செய்ததை இனி எழுத வேண்டும். மாமி பின்னால் நகர்ந்து நகர்ந்து தூத்துவதை வேலி வழியாக எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஒருநாள் எனக்குப் புத்தி இப்படிப் போயிற்று. பகவதியிடம் சொன்னேன்: "நீயும் பின்னால நடந்து வா. மண்ணுல கால் உள்ள போன மாதிரிதான் கெடக்கும். மாமி பாத்தா, நான் உங்க வீட்டுக்கு வந்த கால்னு நெனைப்பா."

"எனக்க காலும் உனக்க காலும் ஒண்ணா மூதேவி?"

பகவதிக்கு இடதுகால் சுண்டுவிரல் மேலே ஏறி மடங்கியிருக்கும். மண்ணில் படாது. நாலு விரல்தான் பதியும்.

"அப்போ நீ வெளிய போயி திரும்பினதுன்னு நெனைக்கட்டு. போன காலைக் காணாம முழிக்கட்டு."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு செய்தும் பார்த்தோம். மாமி சந்தைக்குப் போன நாள், பகவதி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளிநடையைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். புளிச்ச மாங்காயும் உப்பும் மிளகாயும் தின்றோம். ஒரு அரைமணி நேரம் இருக்கும். திரும்பி உள்ளே போகும்போது பழைய அடியிலேயே கால் வைத்துப் போனாள். மாமி வந்தாள். கல்லில் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து மூச்சை விட்டேன். அதற்குப் பிறகு நாலைந்து முறை. மாமி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவளை ஏமாற்றிவிட்டோம் என்று எங்களுக்கு ஒரே கெக்கலிப்பு.

மாமி பொல்லாதவள் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நான் பாவம் செய்தவள் ஆவேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது என் அம்மையைவிட அதிகம் என்னருகே இருந்தது அவள்தான். அந்தச் சமயத்தில், நான் தூங்குகிறேன் என்று நினைத்தோ என்னவோ, தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கொரு தங்கச்சி இருந்தா மக்கா. உங்க வயசு. குளத்துல தாமரைப்பூ பறிக்கப் போணும், விடு விடுன்னு கரஞ்சா. அம்மை இல்லாத நேரம். நான்தான் 'போ'ன்னு சொன்னேன். ஒரு வாக்குதான். அவளுக்க கால் குளத்துக்குப் போன தடம் கெடந்துது. வந்த தடம் இல்ல."  கஞ்சி ஆறிப்போனதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள்.

பதினைந்தாம் வயதில் என் அம்மை போய் மன்றாடி, அம்மன் கோயில் மத்தியானக் கொடைவிழாவுக்குப் பகவதியை எங்களோடு கூட்டிக்கொண்டு போனோம். அவள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் தலையில் இருந்த சீப்பு விழுந்துவிட்டது. வளையல் விற்கிறவர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்து, வெளிநடைக் கல்லில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. அவருக்கு அறுபது வயது இருக்கும்.

மாமி வந்து கல்லுக்கு வெளியே செருப்புத் தடத்தைப் பார்த்தாள். "ஆம்பிளைக் கால்" என்றாள்.

"அது கிழவனாக்கும் மாமி. வளையல்காரரு. சீப்பு குடுக்க வந்தாரு."

"உனக்கிட்ட கேட்டனா?"

மூன்று நாள் மாமி பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பகவதியை அடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "நான் செத்துப்போறேன், பெறவு நீ எங்க வேணும்னாலும் போ" என்று மாமி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பகவதி காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலாம் நாள் மாமி எழுந்து கஞ்சி குடித்தாள். அந்த மாதமே சம்பந்தம் பேசிவிட்டாள். மாப்பிள்ளைக்கு இது இரண்டாம் கெட்டு. வயது நாற்பதுக்கு மேல். பார்த்துவிட்டு வந்து என் அம்மையிடம் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது: "நல்ல வீடு. கெணறு வீட்டுக்கு உள்ளேயே இருக்கு. தண்ணிக்குக்கூட வெளிய எறங்க வேண்டாம்."

பகவதி அன்றைக்கு வேலிப் பக்கம் வந்தாள்.  "கேட்டியா? கெணறு உள்ளதாம்" என்றாள்.  கல்யாணம் தை மாதம். மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது மறுபடி வந்து, "நாளைக்குப் போறேன்" என்றாள்.

"எங்க?"

"முதல் வண்டியில."

"ஆரு கூட?"

"ஆரும் இல்ல. ஒரு ஆளு வேணுமா, பஸ்ஸுல ஏறதுக்கு?"

"எங்க போயி எறங்குவ?"

"அது எறங்கும்போ தெரியும்." பிறகு என் கையை வேலி ஓட்டை வழியாகப் பிடித்துக்கொண்டாள். "நீ தடுக்காத. நீயும் தடுத்தா நான் கெணத்துலதான் போணும்."

ஊர் பின்னால் என்னென்னவோ சொல்லியது. யாரோ ஒருவனோடு ஓடினாள் என்றது. நான் அறிய யாரும் இல்லை. நான் அறிந்ததைச் சொல்ல வாய்தான் இல்லை.

மாமி விடியும் முன் முற்றத்தைத் தூத்திவிட்டுக் குளத்துக்குப் போவாள். அன்றைக்கும் போனாள். கொஞ்ச நேரத்தில் பகவதி கையில் ஒரு துணிப்பொட்டலத்தோடு பின்னாலேயே நடந்து வந்தாள். கடைசிவரை வீட்டைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று அவளுக்கு. அந்த நடையில் அப்படித்தானே போக முடியும்? வெளிநடையைத் தாண்டிய பிறகுதான் திரும்பி ஓடினாள். பெரிய ரோட்டுக்குக் கால்மணி நேர நடை.

பக்கத்து ஊர் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலில் காலை ஆறு மணிக்கு மணி அடிப்பார்கள். அந்த மணி அடித்து ஓய்ந்ததும் மாமி ஈரச் சேலையோடு குடத்தைச் சுமந்து வந்து கல்லில் ஏறி நின்றாள். நான் வேலியருகே நின்றேன்.  மணலைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். குனிந்து ஒரு காலடியில், பெருவிரல் இருந்த குழியில், தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி ரோடு இருக்கும் திசையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் பக்கத்தில் யாரும் இல்லை என்பதையும் பார்த்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முற்றத்து ஓரமாகவே நடந்து உள்ளே போய், ஒரு ஓலைக் கடவப்பெட்டியை எடுத்து வந்து, அந்த ஒரு காலடியின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் "எனக்க பிள்ளையக் காணல்லியே" என்று கத்தினாள். ஊர் கூடியது. மாமி முற்றத்தைக் காட்டி, "பாருங்க, கால் உள்ள பாத்துல்லா கெடக்கு. நாலு விரல் பாருங்க. அவ உள்ள வந்திருக்கா. வெளிய போவல்ல" என்று ஆணையிட்டுச் சொன்னாள். எல்லாரும் உள்ளே தேடினார்கள். பரண் மேலே ஏறினார்கள். நெல்லுப் பத்தாயத்தைத் திறந்து பார்த்தார்கள். கிணற்றில் ஆள் இறக்கினார்கள். ரோட்டுப் பக்கம் அன்றைக்கு ஒருவரும் போகவில்லை. நான் என் வீட்டு அடுக்களையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் அம்மை, "பாவம், பேடிச்சுப் போச்சு பிள்ளை" என்று எனக்கு விபூதி பூசினாள்.

நாலாம் நாள், பலாக்காய் வியாபாரத்துக்குப் போய்த் திரும்பிய ஊர்க்காரர் ஒருவர், அவளைக் காலை வண்டியில் கண்டதாகச் சொன்னார். முன்னால் ஜன்னலோரம் இருந்தாளாம். அவர் களியக்காவிளையில் இறங்கிவிட்டார், வண்டி அதற்கு அப்புறமும் போயிற்றாம். காலத்த வண்டி என்றுதான் சொன்னார். எத்தனை மணி வண்டி என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மாமி அவரை ஏசினாள். "எனக்க மகள் வீட்டுக்குள்ள வந்தவளாக்கும். கள்ளம் பறையாதீரும்."

அதோடு முற்றம் தூத்துவதை நிறுத்தினாள். சருகு விழுந்து குமிந்தது. கோழி கிண்டியது. கடவம் மட்டும் அதே இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. மழை வந்தால் ஓடிப்போய் அதன் மேல் சாக்கைப் போடுவாள். பகவதியிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை, ஒரு சேதி இல்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் மாமியிடம் சொல்லிவிட வேண்டும், அவள் பின்னால் நடந்து போனாள், சொல்லிக்கொடுத்தவள் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருவேன். கல்லருகே வந்ததும், கஞ்சி குடித்தாளா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த அன்று நான் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ரோட்டில் ஊர்வலம், வெடி. மாமி வேலியருகே வந்து கூப்பிட்டாள். ஆள் காய்ந்த மட்டை மாதிரி ஆகிவிட்டிருந்தாள்.

"ஏட்டி, களியக்காவிளையில கோடு போட்டாச்சுன்னு சொல்லுதாவ. உள்ளதா?"

"ஆமா மாமி. அதுக்கு அங்கோட்டு வேற ராச்சியமாம்."

"அப்போ…" என்று நிறுத்தினாள். வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். "அங்கோட்டு போன ஆளு இங்கோட்டு வாறதுக்குச் சீட்டு வல்லதும் வேணுமா?"

 "வேண்டாம் மாமி. சும்மா வரலாம்."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேன்." நான் யாரிடமும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம், மூன்று வருஷத்துக்குப் பிறகு, மாமி முற்றத்தைத் தூத்தினாள். கடவத்தைச் சுற்றித் தூத்தினாள். யாராவது வந்தால் தடம் தெரிய வேண்டுமல்லவா? அடுத்த மாதமே கண்ணை மூடிவிட்டாள்.

சாவு வீட்டில் பாடை வைக்க இடம் வேண்டும் என்று யாரோ அந்தக் கடவத்தைக் காலால் தள்ளிவிட்டார்கள். நான் பிள்ளை வயிற்றோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். உலர்ந்த மணல். நடுவில் ஒரு சின்னக் குழி. அது பெருவிரல் குழியா, குழியானைப் பூச்சி தோண்டிய குழியா, எனக்குத் தெரியவில்லை.

அங்கே இருந்த வயசான பெண் ஒருத்தி, மாமியின் கெட்டிக்காரத்தனத்தை எல்லாரிடமும் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "நானும் இவளும் வாக்கப்பட்டு வந்த புதுசு. ஒரு கள்ளன் சக்கைப்பழத்தைத் தூக்கிகிட்டுப் பின்னால நடந்தே போயிருக்கான். ஊரு பூரா, ஆளு உள்ளதான் இருக்கான்னு தேடுது. இவ வந்து ஒரே பார்வை. 'இது வந்த கால் இல்ல, போன கால். பெருவிரலு குழிஞ்சிருக்கு, குதிகால் பதியல்ல'ன்னுட்டா. இவள ஏமாத்த ஒருத்தன் பொறக்கல்ல."

நான் போய் வெளிநடைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். 

அப்படியானால் மாங்காய் தின்ற நாட்களிலும் அவளுக்குத் தெரியும். நாங்கள் திருடியதாக நினைத்த அந்த அரைமணி நேரங்கள் எல்லாம் அவள் கொடுத்தவை. அவளால் அவ்வளவுதான் கொடுக்க முடிந்திருக்கிறது. வாயால் 'போ' என்று சொல்ல முடியாத ஒருத்தி, கல்லில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

ஆனால் அந்த மார்கழிக் காலை? அதுதான் என்னை அரிக்கிறது. எழுபது வருஷமாக அரிக்கிறது. ஆறு மணி அடித்தபோது மாமி தடத்தைப் பார்த்துவிட்டாள். அந்தக் கணத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். வண்டி அதற்கு முன்பே போயிருந்தால், அவள் அங்கே உட்கார்ந்தது கால் ஒடிந்து உட்கார்ந்தது. பிறகு சொன்ன பொய்யெல்லாம் மானத்துக்காக. வண்டி அதற்குப் பிறகுதான் என்றால், ஓடிப்போய்ப் பிடிக்க நேரம் இருந்தது. நேரம் இருந்தும் அவள் உட்கார்ந்தாள். உச்சிவரை வாயைத் திறக்கவில்லை. ஊரை வீட்டுக்குள் தேட வைத்தாள். தங்கச்சிக்குச் சொன்ன அந்த 'போ' என்ற ஒரு வாக்கை இரண்டாம் முறையும் சொன்னாள், சத்தமில்லாமல்.

அவள் கடவத்தைக் கவிழ்த்த பிறகு ஹாரன் சத்தம் கேட்டதாகத்தான் எனக்கு ஓர்மை. ஆனால் என் ஓர்மையை நான் நம்பவில்லை. அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டு நானே அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்திருப்பேன்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு அபேட்சை. நான் எழுதியதில் வருஷம், மாதம் தப்பாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. இடதுகால் சுண்டுவிரல் மண்ணில் படாத ஒரு கிழவி எங்காவது உயிரோடு இருந்தால், வருவதற்குச் சீட்டு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காலத்து பஸ்ஸில் வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுச் சரிபார்த்து எனக்கு எழுதுங்கள். தக்கலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காலையில் முதல் வண்டி ஆறு மணிக்கு முன்னா, பின்னா?